பழைய வைக்கோல் பேலரின் நாட்டரை வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி: சோழவரம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து பேலர்காரர்களுக்கு

பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு அவிழ்ந்தாலே அன்றைய ஓட்டம் வீண். சிதறிய வைக்கோலை மறுபடி வரிசையில் அள்ளிப் போட ஆள் வேண்டும், டிராக்டர் திரும்பி வர டீசல் வேண்டும், அடுத்த வயல்காரர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வைக்கோலைச் சதுரக் கட்டாகக் கட்டிப் போடும் பழைய பேலர் மெஷினில் இந்தத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் நாட்டர்தான். நாட்டர் என்றால் கயிற்றில் முடிச்சுப் போடும் பகுதி. "முழு செட்டையும் மாத்திடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். உள்ளே தேய்வது நாலைந்து சாமான்தான். பொறுமையும் ஒரு வைஸும் இருந்தால் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகூட இதைச் சரிசெய்யலாம்.

1. முதலில் மெஷினும் மாதமும்

இரண்டு கயிறு, இரண்டு நாட்டர் உள்ள சதுர பேலருக்குத்தான் இந்தக் கட்டுரை. உருளைக் கட்டு போடும் ரவுண்டு பேலரில் கயிற்றைச் சுற்றி வெட்டிவிடுவார்கள், முடிச்சே கிடையாது. அதை வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி அறுவடை ஆவணி, புரட்டாசியோடு ஓயும். சம்பா வைக்கோல் பொங்கலையொட்டி வரும். இடையில் ஐப்பசி, கார்த்திகை மழை. பேலர் சும்மா நிற்கும் இந்த மாதங்களில்தான் நாட்டர் துருப்பிடிக்கிறது, அதைக் கழற்ற நேரம் கிடைப்பதும் அப்போதுதான். ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்த கையோடு நாட்டரைக் கழற்றிவிடுங்கள். ஒரு நாட்டரைக் கழற்றிக் கழுவ அரை நாள், தேய்மானம் பார்த்து எழுத ஒரு மாலை, கோர்க்கவும் சரிபார்க்கவும் இரண்டு நாள் ஆகும். நாட்களைத் தின்பது உதிரிபாகம் வரும் காத்திருப்பு. வெளிநாட்டுப் பழைய மாடலாக இருந்தால் அது வாரக்கணக்கில் இழுக்கும். மார்கழியில் தொடங்கினால் தை அறுவடைக்குத் தயாராகாது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பேலரின் சட்டத்தில் அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்து மாடல் எண், சீரியல் எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். ஒரே மாடல் பெயரில் இடையிடையே நாட்டரை மாற்றியிருப்பார்கள். சீரியல் எண் சொல்லாமல் வாங்கிய பில் ஹூக் (சுழன்று முடிச்சுப் போடும் கொக்கி) துளை பொருந்தாமல் திரும்பி வரும்.

அடுத்து ஆபரேட்டர் மேனுவலும் உதிரிபாகப் புத்தகமும். இரண்டும் தனித்தனிப் புத்தகம். முதலாவதில் சரிசெய்யும் அளவுகள் இருக்கும், இரண்டாவதில் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படமும் பார்ட் எண்ணும். நாட்டர் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வேலை மேசையில் வையுங்கள். கீழே நான் சொல்லும் அளவுகள் பொதுவானவை. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி.

நாட்டரின் வார்ப்பிலேயே எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேலர் கம்பெனி ஒன்று, நாட்டர் கம்பெனி வேறு என்று இருப்பது சகஜம். நாட்டர் கம்பெனியின் எண்ணை வைத்துத் தேடினால் அதே சாமான் வேறு வழியிலும் கிடைக்கும். வாங்கும்போது பார்ட் எண் அச்சிட்ட ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். "பேலர் சாமான் 1 செட்" என்று எழுதிய சீட்டை வைத்து எதையும் திருப்பித் தர முடியாது.

3. ஸ்பேனரைத் தொடும் முன் கெட்ட முடிச்சைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முடிச்சைப் பார்க்காமல் நட்டை முறுக்குகிறவர்தான் ஒரு கோளாறை மூன்றாக்குகிறார்.

முடிச்சு விழும் முறை இது. கட்டு உருவாகும்போதே கயிற்றின் ஒரு முனை கயிற்றுத் தட்டில், அதாவது ஓரத்தில் கயிறு உட்காரும் வெட்டுகள் உள்ள வட்டத் தட்டில், கவ்வப்பட்டிருக்கும். கட்டு நீளம் எட்டியதும் ஊசி கீழிருந்து எழுந்து மறுபக்கக் கயிற்றை அதே தட்டில் கொண்டுவந்து வைக்கும். இப்போது பில் ஹூக்கின் மேல் இரண்டு இழை கிடக்கும். பில் ஹூக் ஒரு முழுச் சுற்று சுற்றித் தன்மேல் வளையம் போட்டுக்கொள்ளும். சுற்று முடியும் நேரத்தில் அதன் நாக்கு திறந்து இரண்டு இழையையும் கவ்வும். தட்டுக்கும் பில் ஹூக்குக்கும் நடுவே கத்தி வெட்டும். வைப்பர் கை அந்த வளையத்தை பில் ஹூக்கின் மூக்கு (நுனி) வழியாக வழித்துத் தள்ளும். நாக்கு பிடித்திருக்கும் முனைகள் வளையத்துக்குள் இழுபட்டு முடிச்சு இறுகும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

அவிழ்ந்த கட்டு சேம்பரை (கட்டு உருவாகும் அறையை) விட்டு இறங்கும் முன் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். முதலில் வெளியே வரும் முகத்தின் பக்கம் போகும் இழை, தட்டில் ஏற்கெனவே இருந்த கயிறு. பிளஞ்சர் (வைக்கோலை இடித்து அழுத்தும் பகுதி) பக்கம் இறங்கும் இழை, ஊசி கொண்டுவந்த கயிறு.

ஊசிக் கயிற்றில் மட்டும் முடிச்சு, தட்டுக் கயிறு வெறும் முனையாக இருக்கிறது என்றால், தட்டுக் கயிறு நேரத்துக்கு முன்பே நழுவிவிட்டது. தட்டின் பிடி தளர்ந்திருக்கும், அல்லது தட்டு தேய்ந்திருக்கும். அந்த வெறும் முனை துடைப்பம் போல் பிய்ந்திருந்தால் கதை தலைகீழ்: பிடி அளவுக்கு மேல் இறுகி, தட்டின் கூர் விளிம்பு கயிற்றை அறுத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். முனையைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை முறுக்குவது ஏன் ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

தட்டுக் கயிற்றில் மட்டும் முடிச்சு என்றால் ஊசிக் கயிறு பில் ஹூக் மேல் வந்து படியவில்லை. ஊசி வளைந்திருக்கலாம், கயிற்றை ஒதுக்கிக் கொடுக்கும் விரல் தேய்ந்திருக்கலாம், கயிற்றுப் பெட்டியில் இழுவை தளர்ந்திருக்கலாம்.

முடிச்சு நன்றாக விழுந்து பில் ஹூக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் மூன்று இடம் பார்க்க வேண்டும்: வைப்பர் கை சரியாக வழிக்கவில்லை, பில் ஹூக் சொரசொரப்பாக இருக்கிறது, நாக்கின் ஸ்பிரிங் அதிகம் இறுகியிருக்கிறது. முடிச்சு தளர்ந்து, இழுத்தால் முனை வழுக்கி வெளியே வந்தால் நாக்கின் பிடி போதவில்லை, அல்லது நாக்கின் நுனி தேய்ந்துவிட்டது. முடிச்சின் பக்கத்திலேயே கயிறு நசுங்கி அறுந்திருந்தால் எங்கோ ஒரு கூர் விளிம்பு இருக்கிறது. முனைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை, நார் நாராகக் கிழிந்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது.

ஐந்தாறு கெட்ட முடிச்சை வலது, இடது எனத் தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டால் நாட்டரை விட்டுவிட்டுக் கயிற்றைப் பாருங்கள். பழைய பேலரில் சைசல் நாருக்கு வைத்த அழுத்தம் மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றுக்குப் போதாது. கயிறு மாற்றியதும் தொடங்கிய கோளாறு என்றால் பாதி விடை கையில் வந்துவிட்டது.

4. செலவை எப்படிக் கணக்கிடுவது

விலையில் மூன்று அடுக்கு இருக்கிறது. கத்தி, ஸ்பிரிங், ரோல் பின், காட்டர் பின், ஷிம் வாஷர் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வளையம்), கிரீஸ் நிப்பிள் எல்லாம் சில்லறை. பில் ஹூக், வைப்பர் கை, கயிற்றுத் தட்டு நடு அடுக்கு. நாட்டரை இயக்கும் பெரிய பல்சக்கரமான கேம் கியரும் நாட்டரின் வார்ப்புச் சட்டமும்தான் கழுத்தைப் பிடிக்கும் செலவு. டீலரிடம் கேட்கும்போதே தனித்தனிச் சாமான் விலையையும் முழு நாட்டர் விலையையும் ஒரே சீட்டில், வரி, கூரியர் சேர்த்து எழுதி வாங்குங்கள். தேவையான சாமான்களின் கூட்டுத்தொகை முழு நாட்டர் விலையில் பாதியைத் தாண்டி, சட்டமும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு முழு நாட்டர் வாங்குவதுதான் லாபம். சட்டம் நன்றாக இருந்தால் சாமான் மட்டும் போதும்.

இரண்டு நாட்டருக்கும் சேர்த்துக் கட்டாயம் வாங்க வேண்டியவை: கத்தி 2, நாக்கு ரோலர் 2, ரோல் பின் அளவுக்கு நாலு நாலாக, நாக்கு ஸ்பிரிங் 2, தட்டுப் பிடி ஸ்பிரிங் 2, 0.2, 0.5, 1 மி.மீ. ஷிம்கள் சில. ஒரு பக்கம்தான் கெட்டது என்று ஒன்று மட்டும் வாங்காதீர்கள். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கமும் புதுசு ஒரு பக்கமும் இருந்தால் சரிசெய்யும்போது ஒப்பிட முடியாது.

ஷிம், சர்க்கிளிப், ரோல் பின், பேரிங், உப்புத்தாள் எல்லாம் பிராட்வே, மண்ணடித் தெருக்களில் கிடைக்கும். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் அளவு வைத்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடை மூடியிருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஷியர் போல்ட்டை (சுமை மீறினால் தான் உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும் போல்ட்) கடைத்தெருவில் வாங்கக் கூடாது. "இது ஹை டென்சில், உடையவே உடையாது" என்று சொல்லித் தருவார்கள். அது உடையாவிட்டால் ஊசி உடையும். மேனுவல் சொன்ன தரத்தில் மட்டும் வாங்குங்கள்.

5. கழற்றுதல்

டிராக்டர் சாவி உங்கள் சட்டைப்பையில். டிராக்டரிலிருந்து பேலரை ஓட்டும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தாயிற்று. ஃப்ளைவீல் முழுதாக நின்றுவிட்டது. இந்த மூன்றும் ஆன பிறகே நாட்டர் பக்கம் கை போக வேண்டும். முடிச்சுப் போடும் சுற்றைத் தொடக்கிவிடும் டிரிப் லீவர் தெரியாமல் விடுபட்டிருந்தால் ஃப்ளைவீலைக் கையால் கொஞ்சம் அசைத்தாலும் ஊசி எழும், கத்தி ஓடும். ஊசிச் சட்டம் எழாதபடி ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நாட்டர். இதுதான் விதி. இன்னொன்று மெஷினில் அப்படியே நிற்கட்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பேலர் சோழவரத்தில் களத்திலேயே நிற்கட்டும், நாட்டரை மட்டும் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரு ஆள் தூக்கும் எடைதான்.

எந்த நட்டையும் தளர்த்தும் முன் அதற்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஸ்பிரிங் நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணும்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். ஷிம்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்துக் கட்டிவிடுங்கள். துருவேறிய ரோல் பின்னை நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, சரியான அளவு பஞ்ச் வைத்து, சட்டத்துக்குக் கீழே கெட்டியாகத் தாங்கல் கொடுத்து அடியுங்கள். வார்ப்பிரும்பு அடியில் விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங்கில் நிற்காது.

6. கழுவுதல்

டீசலும் பெயின்ட் பிரஷும் போதும். பழைய கிரீஸும் வைக்கோல் தூளும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கிரீஸ் துவாரங்களை மெல்லிய கம்பி விட்டுத் திறந்து, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வாட்டர் வாஷ் வேண்டவே வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் ஈரமான பில் ஹூக் ஒரே இரவில் பழுப்பேறிவிடும்.

7. பில் ஹூக்: வேலையில் பாதி இதில்தான்

நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதன் தூள் கயிற்றோடு சேர்ந்து உப்புத்தாள் போல் ஓடி ஓடி பில் ஹூக்கை அறுக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். நல்ல பில் ஹூக் கண்ணாடி போல் மின்னும். கழுத்துப் பக்கம் கயிறு சுற்றும் இடத்தில் மெல்லிய வரி ஒன்று தெரியும். அதன் குறுக்கே விரல் நகத்தை இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் பிழைத்தது. தட்டி நின்றால் பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு ஒரு துளி பஞ்சை எடுத்து மூக்கிலிருந்து குதிகால் (பின்பக்க வளைவு) வரை, நாக்கின் அடிப்பக்கம் வரை தடவுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் உங்கள் முடிச்சும் மாட்டுகிறது.

மேலோட்டமான கீறல், துரு என்றால் 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று ஏறி, கடைசியில் துணியில் மெட்டல் பாலிஷ் போட்டுத் தேயுங்கள். கயிறு வழுக்கிப் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஒரு தடுப்பாகிவிடும். கிரைண்டர் வைக்காதீர்கள். மேல் கடினம் போய்விடும், வடிவமும் போய்விடும். பள்ளம் ஆழமாக இருந்தால் புதிய பில் ஹூக் வாங்குங்கள். வெல்டிங்கில் மேடேற்றி அரம் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். அந்த வளைவு கையில் திரும்ப வராது.

நாக்கைத் திறந்து மூடிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் அதன் பின் துளை தேய்ந்திருக்கிறது. நாக்கின் பின்னால் இருக்கும் சின்ன ரோலர் விரல் பட்டதும் சுழல வேண்டும். அது இறுகிப்போய் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நாக்கு தேவையான அளவு திறக்காது. பலர் இதைப் பார்க்காமல் ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள்.

பில் ஹூக் தண்டின் மறுமுனையில் இருக்கும் பினியனில் (சின்னப் பல்சக்கரத்தில்) ஒரு தட்டையான முகம் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அது கேம் கியரின் வழவழப்பான பகுதியில் சாய்ந்து பில் ஹூக்கை அசையாமல் நிறுத்தும். அந்த முகம் உருண்டுபோனால் ஓய்வு நிலையிலேயே பில் ஹூக் ஆடும். ஊசி வரும்போது கயிறு அதன் மேல் படியாமல் பக்கத்தில் விழும். பல் எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் இந்த முகம் தேய்ந்த பினியனை மாற்றியே ஆக வேண்டும்.

8. வைப்பர் கையும் கத்தியும்

வைப்பர் கை பில் ஹூக்கின் குதிகாலை அழுத்தமாக உரசிக்கொண்டு போக வேண்டும். உரசாமல் தாண்டினால் முடிச்சு தொங்கும். முட்டி மோதினால் பில் ஹூக் வளையும்.

வளைத்துச் சரிசெய்யும் முன் கையின் கேம் ரோலரைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் கை முழுத் தூரம் வீசாது. அப்போது கையை வளைத்தால் தற்காலிகமாகச் சரியாகும். பிறகு புது ரோலர் போடும் நாளில் எல்லாம் கெட்டுவிடும். ரோலர் முதலில், வளைத்தல் பிறகு.

உரசலைப் பார்க்க ஒரு எளிய வழி: பில் ஹூக் குதிகாலில் கறுப்பு பர்மனென்ட் மார்க்கரால் பூசிக் காயவிட்டு, நாட்டரைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. குதிகால் முழுவதும் சீராக அழிந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் கை சாய்ந்திருக்கிறது. வீச்சின் முடிவில் கை, பில் ஹூக் நுனியைத் தாண்டிக் குறைந்தது 6 மி.மீ. போக வேண்டும் என்பது பொதுவான அளவு. வளைக்கும்போது குளிர்ந்த நிலையிலேயே, நீளமான கம்பியை வைத்து, இம்மி இம்மியாக. ஒவ்வொரு தடவையும் மறுபடி மை பூசிப் பார்க்க வேண்டும். கேஸ் வெல்டிங் நெருப்பில் காய்ச்சி வளைப்பது தவறு. இரும்பின் கடினம் போய்விடும், கை மறுபடி வளைந்துவிடும்.

கத்தியைத் தீட்டுக்கல்லில் எண்ணெய் விட்டு, சரிவு உள்ள பக்கம் மட்டும் தீட்டுங்கள். மறுபக்கம் தட்டையாகவே இருக்கட்டும். தொங்கவிட்ட கயிற்றை ஒரே இழுப்பில் வெட்டினால் போதும். வெட்டும் இடத்தில் 'வி' போல் பள்ளம் விழுந்திருந்தால் தீட்டி மாளாது, மாற்றிவிடுங்கள்.

9. கயிற்றுத் தட்டு

தட்டின் வெட்டு விளிம்புகளை விரலால் தடவுங்கள். கூராகத் தட்டுப்பட்டால் மெல்லிய உப்புத்தாளால் உடைத்துவிடுங்கள். தட்டுக்கு நடுவே வைக்கோல் தூளை வழிக்கும் சுரண்டி ஒன்று இருக்கும். அது தேய்ந்திருந்தால் தூள் அடைத்துப் பிடி தளரும். தட்டை விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சும்மாவே கணிசமாக ஆடினால் அதை ஓட்டும் வார்ம் கியர் தண்டுக்கு ஷிம் வேண்டும்.

பிறகு நேரப் பொருத்தம். ஒவ்வொரு முடிச்சுக்கும் தட்டு ஒரு வெட்டு நகரும். நாலு வெட்டுத் தட்டு என்றால் கால் சுற்று. ஓய்வு நிலையில் அடுத்த வெட்டு ஊசிக் கயிறு விழும் இடத்துக்கு நேராக, கயிறு தட்டாமல் உள்ளே இறங்கும்படி நிற்க வேண்டும். முன்பின் இருந்தால் ஓட்டும் கியரின் பூட்டைத் தளர்த்தித் தட்டை நகர்த்தி மறுபடி பூட்டலாம். மெஷினில் நிற்கும் இன்னொரு நாட்டரின் வெட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

பிடி ஸ்பிரிங்கை முதலில் நீங்கள் எழுதிவைத்த பழைய அளவிலேயே வையுங்கள். மாற்றம் தேவைப்பட்டால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

10. சட்டமும் லேத் பட்டறையும்

பில் ஹூக் தண்டை அதன் துளையில் போட்டு ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) போய்விட்டது. மாற்றும் புஷ் உள்ள சட்டம் என்றால் சுலபம். இல்லையென்றால் துளையைப் பெரிதாக்கி கன்மெட்டல் புஷ் இறக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வெளியே போகத்தான் வேண்டும். மாதவரத்தில் லாரி வேலை பார்க்கும் லேத் பட்டறைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளும் இதைச் செய்வார்கள். சட்டம், தண்டு, பினியன் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "அண்ணே, துளை பழைய நேர்லயே இருக்கணும். கோணலாச்சுன்னா பினியன் பல்லு உட்காராது" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புஷ்ஷில் கிரீஸ் துவாரம் போட மறந்துவிடுவார்கள். சட்டத்தின் நிப்பிள் துவாரத்துக்கு நேராக அது இருக்கிறதா என்று பட்டறையிலேயே பார்த்து வாங்குங்கள். கூலியையும் தரும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பண்டிகை நெருக்கத்தில் கொடுத்தால் தள்ளிப்போகும்.

11. கோர்த்து ஏற்றுதல்

ஷாஃப்ட்டில் நாட்டரை ஏற்றி, கேம் கியருக்கும் பினியனின் தட்டை முகத்துக்கும் இடையே ஷிம் சரிசெய்யுங்கள். இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது. கையால் சுற்றும்போது ஓர் இடத்திலும் கடிக்காமல், ஓய்வு நிலையில் பில் ஹூக் ஆடாமல் இருந்தால் சரி. எல்லா நிப்பிளிலும் புது கிரீஸ் ஓரத்தில் தலைகாட்டும் வரை அடியுங்கள். ஷாஃப்ட்டை ஓய்வு நிலையில் பிடித்து நிறுத்தும் நாட்டர் பிரேக்கில் மட்டும் கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது. பிரேக் வழுக்கினால் ஷாஃப்ட் ஓய்வு நிலையைத் தாண்டிப் போகும், ஊசி சேம்பருக்குள்ளேயே தங்கிவிடும்.

ஊசியை மெதுவாக மேலே கொண்டுவந்து நாட்டருக்கு எவ்வளவு நெருங்கிப் போகிறது என்று பாருங்கள். தட்டில் மோதக் கூடாது, விலகியும் போகக் கூடாது. இடைவெளி மேனுவலில் இருக்கும், இரண்டு ஊசிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊசி வாயின் ரோலர் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் அங்கேயே கயிறு அறுபடும். பிளஞ்சருக்கும் ஊசிக்குமான நேரத்தை மேனுவல் படி ஒரு தடவை சரிபாருங்கள். செயின் ஒரு பல் தாண்டியிருந்தால் நாட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊசி உடைவது உறுதி.

12. கையால் பத்து முடிச்சு

பி.டி.ஓ. இணைக்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கயிற்றைப் பெட்டியிலிருந்து ஊசி வழியாகக் கோர்த்து முனையைக் கட்டி வையுங்கள். டிரிப் லீவரைத் தட்டிவிட்டு, ஃப்ளைவீலை அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் கையால் சுற்றுங்கள். முதல் சுற்றில் கயிறு தட்டில் மாட்டும். தட்டிலிருந்து வரும் கயிற்றைச் சேம்பருக்குள் கொஞ்சம் இழுத்து, கட்டு இருந்தால் எவ்வளவு விறைப்பாக நிற்குமோ அப்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பவர் கை சேம்பருக்கு வெளியே, சுற்றுபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். மறுபடி டிரிப் செய்து சுற்றினால் முடிச்சு விழும்.

ஒரு பக்கத்துக்குப் பத்து முடிச்சு. பத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு கையால் வெடுக்கென்று இழுங்கள். கயிறு அறுந்தால் பரவாயில்லை, முடிச்சு வழுக்கக் கூடாது. வழுக்கினால் மூன்றாவது தலைப்புக்குத் திரும்பிப் போய் ஒன்றே ஒன்றை மாற்றி மறுபடி பத்து போடுங்கள். இரண்டு திருகை ஒன்றாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

வெட்டிய கயிற்றுத் துண்டுகளை அங்கேயே பொறுக்கி மூட்டை கட்டிவிடுங்கள். களத்தில் மேயும் மாடு வைக்கோலோடு பிளாஸ்டிக்கையும் விழுங்கும், வயிற்றில் அது சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும். கட்டு வாங்கும் மாட்டுக்காரர்களிடமும் கயிற்றை முழுதாக உருவிவிட்டுத்தான் வைக்கோலைப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

13. முதல் நாள் வயலில்

பனி உலர்ந்த பிறகு தொடங்குங்கள். கட்டின் அழுத்தத்தைக் குறைத்து வைத்து முதல் இருபது கட்டு போடுங்கள். பத்தாவது கட்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நாட்டர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். புது ஸ்பிரிங் படியக் கொஞ்சம் கட்டு ஆகும், அதற்குள் ஸ்பிரிங் திருகைத் தொடாதீர்கள். இருபது கட்டு முடிந்த பிறகு கட்டின் அழுத்தத்தை ஏற்றுங்கள்.

கயிற்று உருண்டை தீரும் முன், முதல் உருண்டையின் வெளி முனையை இரண்டாவதன் உள் முனையோடு முடியுங்கள். முடிச்சின் வால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் ஊசியிலோ தட்டிலோ மாட்டும். டிராக்டர் பெட்டியில் கத்தி 1, நாக்கு ஸ்பிரிங் 1, ரோல் பின்கள், சரியான ஷியர் போல்ட் 5, பஞ்ச், மார்க்கர் பேனா எப்போதும் இருக்கட்டும். மாலையில் நாட்டரை பிரஷால் தட்டித் தூள் போக்கி, நிப்பிளுக்கு ஒரு அழுத்து கிரீஸ் கொடுத்து, பில் ஹூக்கில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மறுநாள் காலை முதல் கட்டுக்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தூள் அதிலேயே ஒட்டும்.